போட்டிக்கு முன் ஏரியை நோட்டம் பார்ப்பது: பான்ஃபிஷ் தூண்டில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தூண்டில் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு பலர் செய்யும் முதல் வேலை புது ஜிக்குகளும் (ஈயத்தலை வைத்த தூண்டில் முள்) புது நரம்பும் வாங்குவதுதான். ஏரியைப் பற்றி யோசிப்பது கடைசியில். அது தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். முதல் போட்டிக்குப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அளவுகளை அங்குலம், அடி, ஃபாரன்ஹீட்டில் கொடுத்திருக்கிறேன். இந்த மீன்கள் வாழும் அமெரிக்க ஏரிகளின் வரைபடங்களும் விதிகளும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன.

பான்ஃபிஷ் என்றால் எந்த மீன்?

அது ஒரு மீனின் பெயர் அல்ல. வாணலியில் முழுசாக அடங்கும் அளவுள்ள வட அமெரிக்க நன்னீர் மீன்களுக்கான பொதுப் பெயர். புளூகில், பம்ப்கின்சீட், ரெட்இயர், கருப்பு கிராப்பி, வெள்ளை கிராப்பி, மஞ்சள் பெர்ச் ஆகியவை முக்கியமானவை. இவற்றில் பெர்ச் மட்டும் வேறு குடும்பம், மற்றவை எல்லாம் சன்ஃபிஷ் குடும்பம்.

எந்த மீன் கணக்கில் வரும் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். கிராப்பிப் போட்டிகள் பலவற்றில் ஏழு மீன்களின் மொத்த எடையைப் பார்ப்பார்கள். பனிக்காலப் போட்டிகள் சிலவற்றில் கிராப்பி இத்தனை, புளூகில் இத்தனை என்று கலந்து கேட்பார்கள். நோட்டம் முழுவதும் இந்த ஒரு வரியைச் சார்ந்தது. அதனால் விதித்தாளை முதலில் படியுங்கள்.

எத்தனை நாள் முன்னால் ஏரிக்குப் போக வேண்டும்?

முதலில், எந்த நாளிலிருந்து போகக் கூடாது என்று பாருங்கள். போட்டிக்கு முன் சில நாட்கள் ஏரியில் இறங்கவே தடை விதிக்கும் அமைப்பாளர்கள் உண்டு. தடை இல்லையென்றால் நான் இரண்டு தடவை போவேன். இரண்டு மூன்று வாரம் முன்னால் ஒரு தடவை, ஏரியின் முகத்தைத் தெரிந்துகொள்ள. போட்டிக்கு முந்தைய ஓரிரு நாட்களில் இன்னொரு தடவை, மீன் இப்போது எங்கே நிற்கிறது என்று பார்க்க. ஒரே தடவைதான் போக முடியும் என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வாரம் முன்னால் பார்த்த மீன், வசந்த காலத்தில் குறிப்பாக, அதே இடத்தில் இருக்காது.

வீட்டில் இருந்தபடியே என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறைய. பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முதலில் ஆழக்கோடு (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட்ட வரைபடம். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்தான சரிவு, விலகி இருந்தால் தட்டையான தரை. கோடு கரைப்பக்கமாக உள்வாங்கி வளையும் இடம், நீருக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் மேடு, ஆழமான குழிக்குப் பக்கத்திலேயே ஆழம் குறைந்த திட்டு, இப்படிப்பட்ட இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வடக்குக் கரை விரிகுடாக்களைத் தனியாகக் குறியுங்கள். வெயில் தெற்கிலிருந்து சாய்வாக விழுவதால் வசந்தத்தில் அங்கேதான் நீர் முதலில் சூடாகும். அடிமண் கருப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

அடுத்தது மாநில இயற்கை வளத் துறையின் கணக்கெடுப்பு அறிக்கை. மினசோட்டா தன் ஏரிகளுக்கு லேக்ஃபைண்டர் என்ற பெயரில் இதை இணையத்தில் வைத்திருக்கிறது. மற்ற பல மாநிலங்களிலும் இதைப் போன்றது உண்டு. இந்த அறிக்கையில் எல்லோரும் "எத்தனை மீன் கிடைத்தது" என்ற எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் நீள அட்டவணைக்குப் போவேன். வலையில் நூற்றுக்கணக்கான புளூகில் விழுந்து, அவை எல்லாமே 6 அங்குலத்துக்குக் கீழே என்றால் அந்த ஏரியில் புளூகில் நெருக்கியடித்துக் குறுகிப்போயிருக்கிறது. அங்கே 8 அங்குல மீன் ஒன்று கிடைத்தால் அது தங்கம். குறைவாக விழுந்தாலும் நீளமானவை கலந்திருந்தால் அந்த ஏரி வேறு மாதிரி. வலையின் வகையையும் பாருங்கள். கரையோரம் வைக்கும் பொறிவலையில் சன்ஃபிஷும் கிராப்பியும் நன்றாக விழும். பெர்ச்சின் நிலவரத்துக்கு செவுள்வலைக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நீர்த்தெளிவு எண்ணும் அதே அறிக்கையில் இருக்கும். வட்டத் தகடு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணில் மறையும் ஆழத்தை அளப்பார்கள். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் தொடங்கிய முறை, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தெளிவான ஏரியில் வெளிச்சம் ஆழத்துக்குப் போகும், செடி ஆழம் வரை வளரும், மீனும் ஆழமான விளிம்பில் நிற்கும். கலங்கிய ஏரியில் எல்லாமே மேலே ஏறி வந்துவிடும்.

ஏரியில் இறங்கிய முதல் மணிநேரம் என்ன செய்வது?

தூண்டிலைக் கட்டி வைத்துவிட்டு ஏரியைச் சுற்றி வாருங்கள். கை துறுதுறுக்கும், தெரியும். ஆனால் முதல் விரிகுடாவிலேயே தூண்டில் போட்டு உட்கார்ந்துவிட்டால் ஏரியின் மற்ற முக்கால் பங்கு உங்களுக்குத் தெரியாமலே போகும்.

மெதுவாகப் படகை ஓட்டியபடி நீரின் வெப்பம் எங்கே எவ்வளவு, செடி எந்த ஆழத்தில் முடிகிறது, எந்தச் செடி பச்சையாக இருக்கிறது, எது அழுகத் தொடங்கியது என்று பாருங்கள். ஒலியலை அனுப்பி அடியையும் மீனையும் திரையில் காட்டும் சோனாரில் அடி சேறா, மணலா, கல்லா என்பதும் தெரியும். கெட்டியான அடி பளிச்சென்று தடித்த கோடாக விழும், சேறு மங்கலாக விழும். கெட்டி சேறாக மாறும் அந்த எல்லைக்கோடு பெர்ச்சுக்குப் பிடித்த இடம்.

கோடையில் இன்னொன்றையும் பாருங்கள். மேலே இருக்கும் வெதுவெதுப்பான நீரும் கீழே இருக்கும் குளிர்ந்த நீரும் கலக்காமல் பிரிந்து நிற்கும், நடுவில் வெப்பம் சட்டென்று விழும் ஒரு அடுக்கு இருக்கும். தெர்மோகிளைன் என்பார்கள். சோனாரின் உணர்திறனைக் கூட்டினால் அது புகை போல் ஒரு பட்டையாகத் தெரியும். சத்து மிகுந்த பச்சை நீர் ஏரிகளில் கோடை நடுவில் அந்தப் பட்டைக்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். 40 அடி ஆழமுள்ள ஏரியில் பட்டை 18 அடியில் நின்றால், அதற்குக் கீழே உள்ள இடம் முழுவதையும் வரைபடத்தில் அடித்துவிடலாம். ஒரே பார்வையில் இவ்வளவு நீரைக் கழித்துத் தரும் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

எந்தப் பருவத்தில் மீன் எங்கே நிற்கும்?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

பனி உருகியதும் முதலில் முட்டையிடுவது பெர்ச். நீர் 45 முதல் 50 டிகிரி இருக்கும்போதே செடித் தண்டுகளிலும் விழுந்த கிளைகளிலும் நீண்ட கூழ்நாடா போல முட்டையைச் சுற்றிவிட்டுப் போய்விடும். காவல் கிடையாது. அப்புறம் 60-ஐத் தாண்டும்போது கிராப்பி கரைக்கு வரும், பழைய நாணல் தண்டுகளுக்கு நடுவில், மூழ்கிய மரத்தடியில். 60-களின் கடைசியில் தொடங்கி 70-களில் புளூகில்லின் முறை. அவை கூட்டமாகக் குழி தோண்டும். ஆழம் குறைந்த நீரில் தட்டுகளை நெருக்கி அடுக்கியது போல் வட்ட வட்டமாகத் தெரியும். நிழல் விழாத நேரத்தில், நீரின் பளபளப்பைத் தடுக்கும் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு போனால் கண்ணாலேயே எண்ணலாம்.

ஒரே ஏரியில் இவை எல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. சூடான விரிகுடாவில் குழி தோண்டி முடித்திருக்கும்போது ஆழமான தெற்குப் பக்கத்தில் இன்னும் வந்தே இருக்காது. நோட்டத்தில் நீங்கள் பார்க்கும் வெப்ப வித்தியாசம் இங்கேதான் பயன்படும். இன்று இந்த விரிகுடாவில் 66 என்றால், நான்கு நாள் வெயில் அடித்தபின் எது 66 ஆகும்? போட்டி நாளுக்கு அந்த இடம் வேண்டும்.

கோடையில் சின்ன புளூகில் கரையோரத்தில் எங்கும் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரியவை செடியின் ஆழமான விளிம்புக்குப் போய்விடும். சில நேரம் அதையும் தாண்டி, அடியை ஒட்டாமல் திறந்த நீரில் நடுவாக்கில் தொங்கிக்கொண்டு டாஃப்னியா போன்ற மிகச் சின்ன மிதவை உயிரினங்களை மேயும். 30 அடி ஆழத்தின் மேல் 12 அடியில் ஒரு பெரிய புளூகில் கூட்டம் நிற்கும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை, அதனால் அங்கே யாரும் படகை நிறுத்துவதும் இல்லை. கிராப்பியும் இப்படித் தொங்கும். அதன் கண்ணும் வாயும் மேல்நோக்கி அமைந்தவை. இரை அதன் தலைக்கு ஒரு அடி மேலே இருக்க வேண்டும். கீழே போனால் அது பெரும்பாலும் பார்க்காது.

இலையுதிர் காலத்தில் கடைசியாகப் பச்சை மிஞ்சியிருக்கும் செடித்திட்டைத் தேடுங்கள். மேல்நீர் குளிர்ந்து அடிநீரோடு கலந்து புரளும் வாரத்தில் மட்டும் மீன் சிதறிக் கிடக்கும். அந்த வாரத்து நோட்டத்தை நம்ப வேண்டாம்.

சோனாரில் கூட்டம் தெரிந்தால் போதுமா?

போதாது. திரையில் விழும் கோடு எந்த மீன் என்று உறுதியாகச் சொல்லாது. எந்த அளவு என்பதையும் முழுசாகச் சொல்லாது. நீர்க்கேமரா இருந்தால் இறக்கிப் பாருங்கள். இல்லையென்றால் ஒரே ஒரு மீனைப் பிடித்துப் பாருங்கள்.

நேரம் சேர்ந்தால்தான் அந்தத் தகவல் முழுமை. பெர்ச் பகல் மீன், இருட்டியதும் அடியில் போய் ஓய்ந்துவிடும். கிராப்பி மங்கிய வெளிச்சத்தில் சுறுசுறுப்பாகும். நீங்கள் மாலை ஆறு மணிக்குப் பார்த்த கிராப்பி கூட்டத்தை, மதியம் இரண்டு மணிக்கு எடை போட்டு முடியும் போட்டிக்கு நம்ப முடியாது. போட்டி நடக்கும் அதே மணிநேரங்களில் நோட்டம் பாருங்கள்.

நோட்டத்தின்போது எத்தனை மீன் பிடிக்கலாம்?

ஒரு இடத்துக்கு ஒன்று. மிஞ்சினால் இரண்டு.

இதை நான் அனுபவப்பட்டுக் கற்றேன். ஒரு முறை போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், செடி விளிம்பின் உள்வளைவு ஒன்றில் பெரிய புளூகில் கூட்டம் அகப்பட்டது. நானும் என் கூட்டாளியும் இருபதுக்கு மேல் பிடித்து, அளந்து, விட்டோம். ஒவ்வொன்றும் 8 அங்குலத்துக்கு மேல். போட்டியன்று விடிந்ததும் நேராக அங்கே போனோம். மீன் இருந்தது, சோனாரில் தெளிவாகத் தெரிந்தது. இரைக்கு அருகில் வந்து, பார்த்துவிட்டு, திரும்பிப் போனது. மூன்று மணிநேரம் அங்கேயே வீணாயிற்று. முள் குத்திய மீன் சீக்கிரம் மறப்பதில்லை. பெரிய மீன் இன்னும் மெதுவாகத்தான் மறக்கும்.

இப்போது ஒரு கூட்டத்தில் அளவு தெரிந்ததும் முள்ளின் முனையை வளைத்து மூடிவிடுகிறேன். தக்கை முங்கினால் மீன் கடிக்கிறது என்று தெரிந்துவிடும். அது போதும்.

ஆழத்தில் நிற்கும் கிராப்பியைப் பிடித்துப் பார்த்துவிட்டு விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். 30 அடியை ஒட்டிய ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது அழுத்தம் குறைந்து மீனின் காற்றுப்பை விரிந்துவிடும். கண் பிதுங்கும், வயிறு உப்பும். நீந்திப் போவது போல் போனாலும் பல மீன்கள் பிறகு செத்துவிடும். நோட்டத்துக்காக அப்படி ஒரு உயிரை எடுப்பதில் எந்த நியாயமும் இல்லை. கேமராவில் பாருங்கள், அல்லது அந்தக் கூட்டத்தைக் குறித்துவைத்துவிட்டு நகருங்கள்.

அளவில் ஒரு அங்குல வித்தியாசம் அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். எடை ஏறக்குறைய நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடும். 7 அங்குல மீனைவிட 9 அங்குல மீன் இரண்டு மடங்குக்கு மேல் கனம். 10 அங்குல கிராப்பியைவிட 12 அங்குல கிராப்பி ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதல் கனம். ஆகவே நாள் முழுக்க 7 அங்குல மீன் கடிக்கும் இடம், மனசுக்குச் சந்தோஷம் தந்தாலும், தராசுக்கு உதவாது. ஐந்தே ஐந்து கடி கிடைத்து, ஐந்தும் 9 அங்குலமாக இருக்கும் இடத்தைக் கண்டால் அதை நட்சத்திரம் போட்டுக் குறியுங்கள்.

முட்டைக்குழியைக் காவல் காக்கும் புளூகில்லைக் குறிவைக்கலாமா?

பல இடங்களில் சட்டம் அனுமதிக்கிறது. நான் அங்கே தூண்டில் போடுவதில்லை, காரணத்தையும் சொல்கிறேன்.

குழியைக் காப்பது ஆண். குழிக்கூட்டத்தின் நல்ல இடங்களைப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் ஏரியின் பெரிய ஆண்கள். அவை இருக்கும் வரை இளம் ஆண்களுக்கு இடம் கிடைக்காது, அதனால் அவை இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு உடம்பை வளர்க்கும். பெரிய ஆண்களை எடுத்துவிட்டால் இளசுகள் சின்ன வயதிலேயே முட்டைக்குழிக்கு வந்துவிடும், வளர்ச்சி குறைந்துவிடும். சில வருடங்களில் ஏரி முழுக்க உள்ளங்கை அளவு மீன்தான். வடக்கு ஏரிகளில் ஒரு புளூகில் 8 அங்குலம் தொட ஏழெட்டு வருடம் ஆவது சாதாரணம். அழித்ததைச் சீக்கிரம் திரும்பக் கொண்டுவர முடியாது. மினசோட்டா சில ஏரிகளில் சன்ஃபிஷ் எடுக்கும் எண்ணிக்கையை ஒரு நாளைக்கு 5 அல்லது 10 என்று குறைத்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

நோட்டத்தில் குழிக்கூட்டத்தைப் பார்த்தால், அதற்கு வெளியே உள்ள முதல் சரிவையும் செடி விளிம்பையும் பாருங்கள். வரப்போகிற மீனும் முடித்துத் திரும்பும் மீனும் அங்கே நிற்கும். போட்டிக்கு அது போதுமானது.

நேரலை சோனார் இல்லாமல் ஜெயிக்க முடியுமா?

முடியும். மீன் நகர்வதை அந்த நொடியிலேயே படமாகக் காட்டும் சோனார் இது. அந்த வகையில் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் 2018-இல் வந்த பிறகு கிராப்பிப் போட்டிகளின் முகம் மாறியது உண்மை. திறந்த நீரில் தனியாகத் திரியும் பெரிய கிராப்பியைத் தேடிப் பிடிக்க அதற்கு இணை இல்லை. சில போட்டிகளில் அதற்குத் தடையும் உண்டு, அதையும் விதித்தாளில் பாருங்கள். செடிக்குள் நிற்கும் புளூகில்லுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. கருவி இல்லாதவர்கள் செடி விளிம்பில் பலமாக நிற்கலாம்.

மற்றவர்களிடம் இடம் கேட்கலாமா?

போட்டி விதி அனுமதித்தால் கேட்கலாம். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு வெளியாரிடம் தகவல் வாங்குவதைத் தடுக்கும் போட்டிகள் உண்டு. கேட்டாலும் "எங்கே" என்று கேட்காதீர்கள், "எந்த ஆழத்தில், என்ன செடியில்" என்று கேளுங்கள். பெரும்பாலும் மனசாரச் சொல்வார்கள், அந்தப் பதிலை வைத்து ஏரியில் அதே மாதிரி பத்து இடம் கண்டுபிடிக்கலாம்.

நோட்டத்துக்கும் போட்டிக்கும் நடுவில் வானிலை மாறிவிட்டால்?

குளிர்க்காற்று வந்து வானம் பளிச்சென்று தெளிந்தால் மீன் ஏரியைவிட்டு எங்கும் போய்விடாது. செடிக்குள் இன்னும் நெருக்கமாகப் புகுந்துகொள்ளும், அல்லது பக்கத்துச் சரிவில் சில அடி கீழே இறங்கும், இரையைத் துரத்தாது. இடத்தை மாற்றும் முன் இரையைச் சின்னதாக்குங்கள், அசைவைக் குறையுங்கள், நரம்பை 2 பவுண்டு எடை தாங்கும் மெல்லியதற்கு இறக்குங்கள்.

காற்றின் திசைக்கும் ஒரு மாற்று வேண்டும். உங்கள் மூன்று நல்ல இடமும் மேற்குக் காற்று நேராக அடிக்கும் கரையில் இருந்தால், அன்று அலை எழும்பியதும் கையில் ஒன்றும் மிஞ்சாது. எதிர்க்கரையில் ஒன்றாவது இருக்கட்டும். மொத்தம் ஐந்தாறு இடம் போதும். அதற்கு மேல் குறித்தால் போட்டியன்று மீன் பிடிப்பதைவிடப் படகு ஓட்டும் நேரம்தான் அதிகமாகும்.

பனி உறைந்த ஏரியில் நோட்டம் எப்படி?

முதலில் உயிர். தெளிந்த புதுப் பனி 4 அங்குலம் இருந்தால்தான் காலால் நடக்கலாம். பால் போல் வெளுத்த பனிக்கு அதன் பலம் பாதிதான், ஆகவே இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். போகும் வழியெல்லாம் துளையிட்டு அளந்துகொண்டே போங்கள். ஓடை நுழையும் இடத்துப் பக்கம் போக வேண்டாம்.

மற்றபடி வேலை சுலபம், உடம்புக்குத்தான் கஷ்டம். செடி விளிம்பிலிருந்து ஆழக்குழி வரை ஒரே கோட்டில் பத்துப் பதினைந்து துளை. ஒவ்வொன்றிலும் சோனாரை இறக்கி ஒரு நிமிடம். பனிக்காலத் தொடக்கத்தில் பச்சைச் செடியில் மீன் இருக்கும். நடுவில் ஆழமான சேற்றுக்குழிக்கு இறங்கும், அங்கே சேற்றுக்குள் இருக்கும் சிவப்பு மிட்ஜ் புழுக்கள்தான் தீனி. பனிக்காலத்தின் கடைசியில் குழியின் அடியில் ஆக்சிஜன் குறையும்போது மேலே ஏறிக் கரைப்பக்கம் திரும்பும். நீங்கள் போட்ட துளைகள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள். நல்ல இடத்தில் ஒரே இடத்தில் பத்துத் துளை போட்டால் அது அறிவிப்புப் பலகை வைத்தது மாதிரி.

என்ன எழுதிவைக்க வேண்டும்?

இடம், மணி, ஆழம், மீன் நின்ற ஆழம், நீர் வெப்பம், காற்று, செடி வகை, மீனின் நீளம். மீன் இல்லாத இடங்களையும் எழுதுங்கள். ஜிபிஎஸ்ஸில் புள்ளி வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் எந்தப் புள்ளி எதற்கு என்றே நினைவு வராது.

ஒரே வாரத்தில் இரண்டு ஏரி பார்க்கிறேன். கவனிக்க வேண்டியது?

படகு. வெளியிலிருந்து வந்து ஏரியைக் கெடுக்கும் வரிக்குதிரைச் சிப்பியும் யூரேசிய வாட்டர்மில்ஃபாயில் என்ற நீர்ச்செடியும் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் நம் படகிலும் டிரெய்லரிலும்தான். சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது, ஒரு குவளை நீரில் பயணம் செய்யும். ஏரியைவிட்டு ஏறியதும் செடித்துண்டு ஒவ்வொன்றையும் பிடுங்குங்கள், படகின் வடிகால் அடைப்பைக் கழற்றி நீரை முழுவதும் வடியுங்கள், மீன்தொட்டியையும் இரை வாளியையும் காலி செய்யுங்கள். மினசோட்டாவில் அடைப்பைக் கழற்றாமல் சாலையில் படகை இழுத்துப் போவதே குற்றம். இரண்டாவது ஏரிக்கு முன் படகு நன்றாகக் காயட்டும். காய நேரம் இல்லையென்றால் இரண்டாவது ஏரியைக் கரையிலிருந்து நடந்தே பாருங்கள், அல்லது அங்கேயே ஒரு படகை வாடகைக்கு எடுங்கள்.